மான் தின்ற கியர்பொக்ஸ்

எங்கள் கார் மூன்று இலட்சத்து நாற்பத்தோராயிரம் கிலோமீற்றர் ஓடி முடித்த பிறகுதான், அதை இனிக் கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது. அதுவரை அது நன்றாக ஓடியது.

அது ஒட்டோமற்றிக் கார். கிளச் மிதிக்கத் தேவையில்லை, இடது காலுக்கு வேலையே கிடையாது. வாங்கியதே அதற்காகத்தான். ஒரு சத்திரசிகிச்சைக்குப் பிறகு என் மனைவியின் இடது முழங்கால் அரைவாசிதான் மடங்கும். அவள் கட்டைபறிச்சானில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். எங்கள் வீடு திருகோணமலையில், கோட்டைக்குப் பக்கத்தில். நடுவில் ஒரு குடா. கோட்டை மேட்டில் நின்று பார்த்தால் அந்தக் கரை கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பது மாதிரித் தெரியும். தரைவழியாகப் போவதென்றால் கிண்ணியாவைச் சுற்றி, பாலங்களைக் கடந்து, மூதூரைப் பிடித்து, அதற்கு அப்பால் போகவேண்டும். காரில் ஒரு மணித்தியாலம். பஸ்ஸில் என்றால் இரண்டு பஸ், இரண்டிலும் உயரமான படி. போன வருடம் கார் மூன்று நாள் படுத்தபோது அவள் பஸ்ஸில் போய் வந்தாள். நாலாம் நாள் முழங்கால் இளநீர்க் குரும்பை அளவுக்கு வீங்கியது. இனிமேல் பஸ் படியில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அவளிடம் பதினோராம் வகுப்பு இருக்கிறது. வருட முடிவில் சோதனை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை விட்டால் கணக்குக்கு ஆள் இல்லை. போன வருடம் அவள் லீவில் நின்றபோது சித்திரம் படிப்பிக்கிறவர் வந்து முக்கோணங்களுக்கு நிறம் தீட்டுவித்தாராம். “கார் இல்லையெண்டா நான் இடமாற்றத்துக்கு எழுதிக் குடுக்கத்தான் வேணும்” என்று அவள் ஒருமுறை சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் சாதாரணமாகச் சொல்வதெல்லாம் நடக்கும்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குப் பயம் வந்தால் பகிடி வரும். மற்றவர்களுக்கு வியர்ப்பது மாதிரி. செத்தவீட்டிலும் பல்லுக் கொதியிலும் நான் ஊரிலேயே பெரிய பகிடிக்காரன்.

பள்ளிக்கூட விடுமுறையின் கடைசிக்கு முந்திய வெள்ளிக்கிழமை, மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம், போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக் கியர்பொக்ஸ் எண்ணெயை மாற்றினேன். பழைய எண்ணெய் கறுப்பாக, கஷாயம் மாதிரி வந்தது. புதிய எண்ணெய் சிவப்பாக, நாமம் போடலாம் போல இருந்தது. இவ்வளவு காலமும் இந்த அழுக்கோடா பாவம் ஓடியது என்று காரின் முகத்தைத் தட்டிக்கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை மீன் சந்தைக்குப் போய்ப் பாரை வாங்கிக்கொண்டு காரில் ஏறினேன். முன்னால் போகிற கியரைப் போட்டால் எஞ்சின் சத்தம் போட்டதே தவிர கார் அசையவில்லை. இன்னும் மிதித்தேன். இன்னும் சத்தம். றிவேர்ஸைப் போட்டேன். உடனே, மறுபேச்சுப் பேசாமல், பின்னால் போயிற்று. மூன்று தரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கார் தன் முடிவில் உறுதியாக இருந்தது. மீனுக்கு மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஒரு மைல் கூட இல்லை. பூமி உருண்டை என்பதால் பின்னாலேயே போனாலும் வீடு வரும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

வழியில் ஓர் ஓட்டோக்காரர் என் வேகத்துக்குப் பக்கத்தில் வந்து தலையை வெளியே நீட்டினார்.

“அண்ணே, எதையும் மறந்து விட்டிட்டு வந்திட்டீங்களோ?”

“ஓம் தம்பி. முன்னுக்குப் போற கியரை.”

மனைவி கேற்றடியில் நின்றாள். கார் முதுகைக் காட்டிக்கொண்டு வருவதை முழுவதும் பார்த்தாள்.

“ஏன் றிவேர்ஸில வாறியள்?”

“மீன் பழுதாப் போகக்கூடாதெண்டு.”

“கார் பழுதோ?”

“கார் பழுதில்லை. கியர்பொக்ஸ் மட்டும்.”

அவள் மீன் பையை வாங்கினாள். “மற்றத் திங்கள் பள்ளிக்கூடம் தொடங்குது. இடையில ஒன்பது நாள்” என்றாள். பிறகு உள்ளே போய்ப் பாரையைக் கழுவத் தொடங்கினாள். நான் கேற்றைச் சாத்திவிட்டு, பகிடி ஒன்றும் வராமல், போனைத் தேடினேன்.

கிண்ணியாவில் ஒட்டோமற்றிக் கியர்பொக்ஸ் மட்டும் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். இந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரை, அண்ணன் என்ற அர்த்தத்தில், நானா என்றுதான் கூப்பிடுவோம். போன் எடுத்தேன். காரைக் கொண்டுவரச் சொன்னார்.

“நானா, அது பின்னுக்கு மட்டும்தான் போகும்.”

மறுபக்கத்தில் யோசிக்கிற சத்தம். “அப்ப கிண்ணியாப் பாலத்தில றிவேர்ஸ்ல வரப்போறீங்களா?”

“நீங்கள் ஓமெண்டா வெளிக்கிடுறன்.”

“வேணாம். நான் வாறன்.”

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் இரண்டு பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். ஆனால் தன் வயதுக்கு ஏற்றபடி நடந்துகொள்கிற ஆள். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மணந்து பார்த்தார்.

“யாரு எண்ணெ மாத்தின?”

மனைவி தேத்தண்ணீரோடு வாசலில் நின்றாள். “அது தானா மாறியிருக்கலாம்” என்றேன். நானா என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கம்பியைத் துடைத்து உள்ளே விட்டார். அவள் போன பிறகு தணிந்த குரலில் விளக்கினார்.

“உள்ளுக்க பிளேட் எல்லாம் தேஞ்சு போச்சு. தேஞ்ச தூள் பழைய எண்ணெயில மிதந்துக்கிட்டு இரிந்த. அந்தத் தூள்தான் இவ்வளவு நாளும் பிடிச்சிக்கிட்டு இரிந்த. நீங்க அதக் கழுவி விட்டிட்டீங்க.”

“அப்ப அழுக்குத்தான் காரை ஓட்டினதோ?”

“கடைசி ஒரு வருசம் அப்படித்தான்.”

கியர்பொக்ஸைக் கழற்றி, திறந்து, தேய்ந்ததையெல்லாம் மாற்றிப் பூட்டவேண்டும். நானாவுக்குக் கைகொடுக்கிற மச்சான் தோப்பூர் வயலுக்கு வேளாண்மை வெட்டப் போயிருந்தார். “நீங்க லீவா?” என்று கேட்டார். ஓம் என்றேன். “கை இரிக்கா?” என்றார். இரண்டு இருக்கிறது என்றேன். அப்படித்தான் நான் உதவியாளனானேன். என் வழக்கமான வேலை ஓர் அரசாங்கக் கந்தோரில். கோப்புகளைச் சரிபார்த்துப் பக்கங்களுக்கு இலக்கம் இடுவது. இருபது வருடமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

திங்களும் செவ்வாயும் கழற்றினோம். துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் தூக்குகிறவர்களிடம் ஒரு சங்கிலிக் கப்பி இரவல் வாங்கி, போர்ட்டிக்கோவின் குறுக்கே ஒரு மரம் போட்டு, எஞ்சினை மேலிருந்து தொங்கவிட்டோம். பிறகு கார் தூக்குகிற ஜக்கைக் கீழே வைத்துக் கியர்பொக்ஸைப் பிரித்து இறக்கவேண்டும். அது ஒரு பசுவின் தலை அளவு, அதைவிடப் பாரம். நான் கீழே படுத்து ஒரு பக்கத்தைத் தாங்கினேன். என் மூக்குக்கு மேலே ஒரு முழத்தில் மூன்று இலட்சத்து நாற்பத்தோராயிரம் கிலோமீற்றர் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குப் பகிடி வெள்ளமாக வந்தது. நானா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“அண்ணே, நீங்க பயந்தாத்தான் கதைக்கிறீங்க. கதைக்கிற நேரம் கை தளருது. ஒண்டு பயப்பிடுங்க, இல்லாட்டிப் பிடியுங்க. ரெண்டும் ஒண்டா ஏலாது.”

இத்தனை வருடத்தில் என்னை இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதிக் காட்டியதில்லை. பிடித்தேன்.

இறக்கிய கியர்பொக்ஸை, மனைவி விடைத்தாள் திருத்துகிற மேசையில் வைத்துத் திறந்தோம். உள்ளே இருந்த பிளேட்டுகள் அடிப்பிடித்த ரொட்டி மாதிரிக் கருகியிருந்தன. நானா கொழும்புக்குச் சொன்னார். புதன்கிழமை பஸ்ஸில் ஒரு பொட்டலம் வந்தது. புதிய பிளேட்டுகளைப் பூட்டுவதற்கு முன் எண்ணெயில் ஊறவைக்க வேண்டுமாம். ஏனம் ஒன்று கேட்டார். குசினியில் கைக்கு அகப்பட்டதைக் கொண்டுவந்து கொடுத்தேன். அது அரிசி களைகிற சட்டி என்பது அன்று பின்னேரம் சோறு போடுகிற நேரம்தான் வீட்டில் தெரியவந்தது. “வேற சட்டி வாங்கிறன்” என்றேன். “முதல்ல கார் ஓடட்டும்” என்றாள். அவளுடைய பொறுமைதான் எனக்கு ஆகக் கூடிய பயத்தைத் தந்தது.

வெள்ளிக்கிழமை காலை மிச்சம் இருந்தது கியர்பொக்ஸின் மூளை. அப்படித்தான் நானா சொன்னார். கையகலப் பைபிள் ஒன்றின் தடிப்பில் ஓர் அலுமினியக் கட்டி. இரண்டாகப் பிரித்தால், கறையான் அரித்த பலகை மாதிரி உள்ளே முழுக்க வளைந்து வளைந்து போகிற வாய்க்கால்கள். இரண்டு பாதிக்கும் நடுவில் துளைகள் போட்ட மெல்லிய உருக்குத் தகடு. வாய்க்கால்களில் அங்கங்கே, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புக் குண்டுகள். எண்ணெய் எந்த வழியால் போகலாம், எந்த வழியால் போகக்கூடாது என்று அந்தக் குண்டுகள்தான் மறித்துச் சொல்லும். ஒன்று இடம் மாறினாலும், ஒன்று குறைந்தாலும், எண்ணெய் தன்பாட்டில் போகும். புதிய பிளேட்டுகள் அடுத்த சந்திக்குள் கருகிவிடும்.

நானாவுக்குப் புத்தகம் கிடையாது. அவருக்கு ஒரு முறை இருந்தது. பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றில் அந்தக் கட்டியின் உருவத்தைப் பேனையால் வரைவார். கழற்றுகிற ஒவ்வொரு திருகாணியையும் படத்தில் அதே இடத்தில் குத்தி நிறுத்துவார். குண்டுகளைக் கிரீஸ் வைத்து அதே அதே இடத்தில் ஒட்டுவார். திரும்பப் பூட்டும்போது அட்டையைப் பார்த்தால் போதும். எனக்குத் தந்த வேலை போனில் படம் எடுப்பது. கேட்காமலே நானாகச் செய்த வேலை, குண்டுகளை எண்ணுவது. எண்ணிக்கொண்டே எங்கள் கந்தோர்ப் பெரியவர் கதிரையோடு விழுந்த கதையையும் சொன்னேன். ஏழு குண்டு.

பதினொன்றரைக்கு நானா கைகழுவினார். ஜும்மாவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்கு வருவதாகச் சொன்னார். கழுவிய சாமான்களைத் துணியால் மூடினார். அட்டையைக் காட்டி, “இத மட்டும் உள்ளுக்க கொண்டுபோய் வெச்சிருங்க” என்றார். அவரை வழியனுப்பக் கேற்றடிக்குப் போனேன். மோட்டார் சைக்கிள் திரும்புவதற்குள் ஒரு பகிடியை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அவருக்குப் பின்னாலே நாலடி நடந்தேன். திரும்பி வந்தபோது குசினியிலிருந்து மீன்குழம்பு வாசம் வந்தது. மனைவி சோற்றை மூடிவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் சாப்பிடப் போனேன். அட்டை மேசையில் இருந்தது. கேற் திறந்திருந்தது.

எங்கள் பகுதியில் கேற்றைத் திறந்துபோட்டு யாரும் சாப்பிடுவதில்லை. கோட்டைப் பக்கத்து மான்கள் ஊருக்குள் நடந்து திரியும். வெளியூர்க்காரர் புள்ளிமான் என்று நின்று படம் எடுப்பார்கள். எங்களுக்கு அது காகிதம் தின்கிற ஓர் அயலவர். கலியாணக் காட், கலண்டர், சுவரில் ஒட்டிய மரண அறிவித்தல், பிள்ளைகளின் கொப்பி, எதையும் மிச்சம் வைக்காது. இங்கே பிறந்த எனக்கு இது தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு நானே பலதடவை எச்சரிக்கை சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், போர்ட்டிக்கோவில் ஒரு மான். அதன் வாயில் அட்டை. உதட்டோரத்தில் ஓர் ஆணி, பல்லுக்குத்துகிற குச்சி மாதிரி நின்றது. வெற்றிலை போடுகிற நிதானத்தோடு மென்றுகொண்டே என்னைப் பார்த்தது. பதற்றத்தில் நான் அதை “சேர்” என்று கூப்பிட்டேன். கந்தோர்ப் பழக்கம். அது ஆணியைத் துப்பிவிட்டு, மிச்ச அட்டையில் ஒரு துண்டைக் கடித்தபடி, கேற்றால் மரியாதையாக வெளியே போயிற்று.

சீமெந்தில் முழங்காலில் நின்று பொறுக்கினேன். ஆணிகள் பதினாலு கிடைத்தன, கட்டியில் ஆணித் துளையும் பதினாலு. குண்டுகள் ஆறு. மேசைக்குக் கீழே பார்த்தேன், பூச்சாடிகளைத் தூக்கிப் பார்த்தேன், முற்றத்து மண்ணை மா அரிக்கிற அரிதட்டில் போட்டு அரித்தேன். ஆறுதான். ஏழாவது எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரே விடைதான் மிஞ்சியது. அந்த விடை ஏற்கனவே தெருமுனைக்குப் போய்விட்டது.

நானாவின் பெட்டியிலிருந்து காந்தம் பூட்டிய கம்பியை எடுத்துக்கொண்டு, கட்டியிருந்த சாரத்தோடு, பின்னாலே ஓடினேன். தெருமுனையில் மூன்று மான்கள் நின்றன. மூன்றும் ஒரே அச்சு. குற்ற உணர்ச்சி உள்ள முகம் எது என்று பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுத்து அதன் பின்னால் நடந்தேன். அது கடற்கரை வீதியால் போய், ஒரு வாழைப்பழத் தோலுக்காக நின்று, பிறகு கோட்டை வாசலை நோக்கித் திரும்பியது. நானும் திரும்பினேன். காந்தத்தால் அதன் வயிற்றில் என்ன செய்யப்போகிறேன் என்று அதுவரை நான் யோசித்திருக்கவில்லை.

கோட்டை வாசலில் கடலை விற்கிற ஒரு அக்கா இருந்தா. என்னையும் கம்பியையும் மானையும் ஒழுங்காகப் பார்த்தா.

“என்ன ஐயா, மானுக்குப் பின்னால திரியிறியள்?”

“அது ஒரு சாமானை விழுங்கிட்டுது அக்கா.”

“என்ன சாமான்?”

பக்கத்தில் காவலுக்கு நின்ற ஆமிக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு என்ற சொல்லை அந்த இடத்தில் சொல்லக்கூடாது என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி மிச்சம் இருந்தது.

“கார்ச் சாமான்” என்றேன்.

அவ ஒரு சுருளில் கடலையைப் போட்டபடி யோசித்தா. “இப்ப நிண்டு பிரயோசனமில்லை. நாளைக்குக் காலமை வாங்கோ” என்றா.

கடலையைத் தின்றுகொண்டு திரும்பி வந்தேன். போர்ட்டிக்கோவில் மனைவி கோயில் சேலையோடு நின்றாள். கையில் எச்சிலில் ஊறி மை கரைந்த அரை அட்டை, ஓரமெல்லாம் பற்கள். நானாவின் மோட்டார் சைக்கிளும் அப்போதுதான் உள்ளே வந்தது. இரண்டு பேரிடமும் ஒரே தடவையில் சொல்லி முடித்தேன். பகிடி சேர்க்காமல் சொன்னேன். அதற்கு அவசியம் இருக்கவில்லை.

நானா படியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“இத்தன வருசமா அட்டையிலதான் வெக்கிறன். கிண்ணியாவில மான் இல்ல” என்றார்.

போனில் எடுத்த படங்களைப் பார்த்தோம். முப்பத்திரண்டு படம். பெரும்பாலானவை என் பெருவிரல். இரண்டு என் சாரம். ஒன்றில் மட்டும் கியர்பொக்ஸ் மூளையின் நிழல் தெளிவாக விழுந்திருந்தது.

“எத்தினை குண்டு இருந்தது நானா?” என்று மனைவி கேட்டாள்.

“நான் இடம் பாத்துத்தான் ஒட்டுற, எண்ணுற இல்ல டீச்சர். இந்த மொடல்ல ஆறும் பாத்திருக்கன், ஏழும் பாத்திருக்கன். அண்ணன்தான் எண்ணின.”

“ஏழு” என்றேன்.

வேறொரு மூளை கொழும்பிலிருந்து வருவதென்றால் அடுத்த கிழமை நடுவில்தான். குண்டு மட்டுமென்றால் சைக்கிள் கடையில் எடுக்கலாம். ஆனால் எந்தக் குழியில் போடுவது. நானா கைவிரித்தார். “ஒரு கிழமை பொறுங்க டீச்சர்.”

“திங்கள் பாட நேரசூசி போடுகினம். நான் வருவனோ இல்லையோ எண்டு அதிபருக்கு அண்டைக்குச் சொல்லோணும். இல்லையெண்டா இடமாற்றக் கடிதம் குடுக்கோணும்.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மேசைக்குப் போய், கதிரையை இழுத்து, இடது காலை ஒரு வாளியின் மேல் நீட்டி வைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். துணியை விலக்கி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அந்த மெல்லிய தகட்டை எடுத்து வெளிச்சத்துக்குச் சரித்தாள். மறுபக்கம் சரித்தாள்.

“இது எங்க இருக்கிறது?”

“நடுவில டீச்சர். குண்டெல்லாம் அதிலதான் போய் முட்டுற.”

“இதில வட்டம் வட்டமாப் பளபளக்குது.”

நானா எழும்பி வந்தார். குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தகடு முழுவதும் மங்கலாகப் பழுப்பேறியிருந்தது. சில இடங்களில் மட்டும், ஒரு பொட்டு அளவில், கண்ணாடி மாதிரி மினுங்கியது. ஒவ்வொரு தடவை கியர் மாறும்போதும் குண்டு வந்து முட்டி முட்டித் தன் இடத்தைத் தானே தேய்த்து வைத்திருந்தது.

“புதுக் கார் எண்டா இது இரிக்காது” என்றார் நானா. “இவ்வளவு ஓடினபடியாத்தான்.”

மனைவி சிவப்புப் பேனையால் ஒவ்வொரு பொட்டையும் வட்டமிட்டாள். பிழையான விடைக்குப் போடுகிற அதே வட்டம். ஆணிகளுக்கு ஈர்க்கு எடுத்துவரச் சொன்னாள். பதினாலு துளையிலும் விளக்குமாற்று ஈர்க்கை விட்டு ஆழம் பார்த்து முறித்து, ஒவ்வோர் ஈர்க்குக்கும் பொருத்தமான நீளத்தில் ஆணியைப் பக்கத்தில் வைத்தாள். வகுப்பில் செய்முறைப் பாடம் நடத்துவது மாதிரி இருந்தது. நானாவும் நானும் ஈர்க்கு உடைத்துக் கொடுத்தோம். ஆணிகள் எல்லாம் பொருந்தின. மிஞ்சியது ஒரு கேள்விதான்.

“வட்டம் ஆறு” என்றாள். “கிடைச்ச குண்டும் ஆறு. நீங்கள் எப்படி ஏழு எண்டியள்?”

“எண்ணினனான்.”

“எண்ணேக்க வேற என்ன செய்துகொண்டு இருந்தனீங்கள்?”

“பெரியவர் கதிரையோட விழுந்த கதை சொல்லிக்கொண்டு இரிந்தாரு” என்றார் நானா. காட்டிக்கொடுக்கிற குரலில் இல்லை. சாட்சி சொல்கிற குரலில். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்: “நான் ஒளிக்காமச் சொல்றன் டீச்சர். ஆறுதான் எண்டா கார் ஓடும். ஏழு இரிந்து ஒண்டு இல்லாமப் பூட்டினா, போட்ட பிளேட் எல்லாம் ஒரு மைலுக்குள்ள போயிரும். பிறகு ஒரு கிழமை இல்ல, ஒரு மாசம். உங்கட கால், உங்கட பள்ளிக்கூடம். நீங்க சொல்லுங்க.”

எனக்கு ஒரு பகிடி தொண்டை வரைக்கும் வந்தது. மிகவும் நல்ல பகிடி. அதை விழுங்கினேன்.

“என்ர எண்ணிக்கையை நம்பாதேங்கோ” என்றேன். “எண்ணெய் மாத்தினதும் நான்தான்.”

“தெரியும். எண்ணெய்க் கான் கிணத்தடியில கிடக்குது.”

“எப்ப கண்டனீங்கள்?”

“மீன் வந்த அண்டைக்கு.”

அவள் தகட்டை இன்னொரு தடவை சரித்துப் பார்த்தாள். விரல் வைத்து எண்ணினாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஆறு. பூட்டுங்கோ நானா.”

சனிக்கிழமை பூட்டினோம். நானா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மூடி இறுகும் வரைக்கும் நான் வாய் திறக்கக்கூடாது. நாலு மணித்தியாலம் பேசாமல் இருந்தேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இப்படி ஒன்று நடக்கவில்லை என்று, இரண்டு தரம் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போன மனைவி நானாவிடம் சொன்னாளாம். அந்த அமைதியில் ஏழு எப்படி வந்தது என்றும் பிடிபட்டது. பெரியவர் விழுகிற இடத்தில் கையை விரித்துக் காட்டினேன். திரும்பி எண்ண வந்தபோது, எண்ணிய குண்டிலிருந்தே மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். பிடிபட்டதைச் சொல்லவும் எனக்கு அனுமதி இருக்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குக் கார் நிலத்தில் நின்றது. நானா ஏறி றிவேர்ஸைப் போட்டார். போயிற்று, அதில் எங்களுக்குச் சந்தோசம் ஒன்றும் இல்லை. முன்னால் போகிற கியரைப் போட்டார். கார் யோசித்தது. பிறகு மெல்லியதாக ஒரு தள்ளல், சபையில் இடம் கேட்கிறவரின் தோளிடி மாதிரி. கார் கேற்றைத் தாண்டிப் போனது. பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

“மாறுது. ஆனா இன்னும் சொல்லேலாது. நல்லாச் சூடாகினாத்தான் தெரியும். ஒரு மணித்தியாலம் நிக்காம ஓடோணும்.”

வீட்டிலிருந்து கட்டைபறிச்சானுக்கு ஒரு மணித்தியாலம்.

“அப்ப நாளைக்குத் தெரியும்” என்றாள் மனைவி. நானும் வருகிறேன் என்றேன். “வேண்டாம். நீங்கள் பக்கத்தில இருந்தாக் கதைப்பீங்கள். நான் சத்தம் கேட்டு ஓடோணும்.”

திங்கள் காலை ஆறு மணிக்குப் போனாள். கார் தெருமுனையில் திரும்பும் வரைக்கும் கை காட்டினேன். ஆறு இருபதுக்கு மூதூர் பஸ்ஸில் ஏறி யன்னல் பக்கம் உட்கார்ந்தேன். கந்தோருக்கு ஏற்கனவே வயிற்றுவலி என்று சொல்லியிருந்தேன். சீனன்குடா வந்தபோது அது உண்மையாகவும் ஆகியிருந்தது.

எங்கள் கார் வெள்ளை. அன்றைக்கு அந்த வீதியில் நின்ற காரெல்லாம் வெள்ளை. கிண்ணியாப் பாலம் தாண்டி ஒரு வளைவில், பொனற்றைத் திறந்துகொண்டு ஒரு வெள்ளைக் கார் நின்றது. நான் எழும்பி மணியை இழுத்துவிட்டேன். பஸ் நின்றது. பொனற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு தடித்த மனிதர் தலையைத் தூக்கினார். என் மனைவி இல்லை. “இறங்கிறீங்களோ?” என்று கொண்டக்டர் கேட்டார். “இல்லை, சும்மா பாத்தனான்” என்றேன். ஒரு பஸ் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. மூதூர் வரைக்கும் அவர் எனக்கு மணிக்கயிறு எட்டாத இடத்தில் ஒரு சீற் பார்த்துக் கொடுத்தார்.

மூதூரிலிருந்து ஓட்டோ பிடித்தேன். பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது எட்டு மணி ஆகியிருந்தது. முற்றத்தில், வகுப்புக்குப் பக்கத்து வேப்பமரத்துக்குக் கீழே, கார் நின்றது. நேராக, முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு.

வந்தது சரி. ஆனால் வழியில் எண்ணெய் ஒழுகியிருந்தால் திரும்பி வருமா என்ற கேள்வி இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. மண்ணில் குப்புறப் படுத்து, தலையைக் காருக்குக் கீழே கொடுத்து, கியர்பொக்ஸின் அடியில் விரலால் தடவினேன். சூடாக இருந்தது. ஈரம் இல்லை. மண்ணும் காய்ந்த மண். இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து மறுபக்கத்தையும் தடவிப் பார்த்தேன். அப்போதுதான், பக்கத்து அரைச்சுவர் வகுப்பில் ஏதோ ஒரு சமன்பாட்டை ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றுபோனதைக் கவனித்தேன். ஒரு மேசை உரசியது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

“அந்த மனிசனைப் பாக்காம எல்லாரும் கணக்கைச் செய்யுங்கோ” என்று என் மனைவியின் குரல் கேட்டது.

அவர்கள் செய்தார்கள். நான் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.